ஓரெழுத்துச் சொல்லுக்கு ஒரு தண்டனை

ஒரே ஓர் எழுத்துக்காக ஒரு பையனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தவள் நான். கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. மறுநாள் வந்தது வேறொன்று. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மூன்றாம் ஆண்டு வகுப்பு. தேர்ச்சிப் புத்தகங்களைப் பெற்றோர் கையெழுத்தோடு திரும்ப வாங்கும் நாள். நம் தோட்டப் பள்ளிகளில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? பாதிப் புத்தகம் வராது. வந்ததில் சிலவற்றில் சாம்பார்க் கறை இருக்கும். ஒன்றிரண்டில் அப்பாவின் கையெழுத்தை அக்காள் போட்டிருப்பாள். இந்தப் பையனுடைய புத்தகம் வந்திருந்தது, கையெழுத்துத்தான் இல்லை.

“அப்பா ஏன் கையெழுத்துப் போடல?”

“அப்பா இல்ல லோ.”

“இல்லன்னா? வேலைக்குப் போயிருக்காரா?”

“போயிட்டாரு லோ.”

அந்த ‘லோ’வை அவன் சொன்ன விதத்தை எழுத்தில் எப்படிக் காட்டுவேன்! நாம் பேச்சை முடிக்கும்போது குரல் இறங்கும் அல்லவா? அவனுக்கு இறங்கவில்லை. மேலேயே நின்று கொஞ்சம் நீண்டது. ‘இதுகூடத் தெரியாதா உனக்கு?’ என்று என்னைக் கேட்பது போல இருந்தது. வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. எனக்கு முகம் சுட்டது.

“டீச்சர்கிட்டப் பேசுற பேச்சா இது? வெளியே போய் நில்லு” என்றேன். போய் நின்றான். அழவில்லை. அழாததும் எனக்குத் திமிராகவே பட்டது. அவனுடைய குறிப்புப் புத்தகத்தை எடுத்துச் சிவப்பு மையில் எழுதினேன்: ‘ஆசிரியரிடம் மரியாதைக் குறைவாகப் பேசுகிறான். தந்தை கையெழுத்திட்டு அனுப்பவும்.’

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் ஒரு சீன மூதாட்டி நின்றிருந்தார். பூப்போட்ட சட்டை, ரப்பர்ச் செருப்பு, கையில் அந்தக் குறிப்புப் புத்தகம். பையன் அவர் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான். முன்பு பால்மரம் இருந்து, பிறகு செம்பனை வந்து, இப்போது அதுவும் போய் வீடுகள் எழும்பிவிட்ட நிலம்தான் எங்கள் பள்ளியைச் சுற்றி. அந்தத் தாமானில் குடியிருப்பவர். பையனின் அம்மா ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறாள். எட்டு மாதக் குழந்தையிலிருந்து அவனை வைத்துப் பார்த்துக்கொள்பவர் இவர்தான். அவன் அவரை ‘போபோ’ என்று கூப்பிடுகிறான். கேண்டனீஸ் பாஷையில் பாட்டி என்று பொருள்.

பசார் மலாயில் பேசினார். நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: “சிக்கு, இவன் அப்பன் வீட்டை விட்டுப் போயிட்டான் லோ. மூணு வாரம் ஆச்சு லோ. அம்மாவுக்கு வெட்கம், யார்கிட்டயும் சொல்லல.”

அதே ‘லோ’. அதே உயரம், அதே நீளம். ஆனால் சொன்னவர் முகத்தில் எகத்தாளத்தின் நிழல்கூட இல்லை. சொல்லும்போது உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினார். ‘ஆனது ஆகிவிட்டது, என்ன செய்ய?’ என்று நம் ஊர்க் கிழவிகள் காட்டுவார்களே, அதே கை.

எனக்கு மனம் தாங்கவில்லை. என்னை அறியாமல் ‘உச்சு’ கொட்டினேன். உடனே அவர் முகம் மாறிவிட்டது. ஓரடி பின்னால் போய், “இவன் மேல கோபப்படாதீங்க சிக்கு, சின்னப் பையன்” என்றார். நான் இரக்கப்பட்டதை அவர் எரிச்சல் என்று எடுத்துக்கொண்டார். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

குறிப்புப் புத்தகத்தை நீட்டினார். தந்தை கையெழுத்திட வேண்டிய இடத்தில் மூன்று சீன எழுத்துகள். “கையெழுத்து வேணும்னு சொன்னான், போட்டுட்டேன். நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கீங்க?”

நான் என்ன சொல்வேன், சொல்லுங்கள். “பாடம் நல்லா எழுதணும்னு எழுதியிருக்கேன்” என்று பொய் சொன்னேன்.

“ஹை மே?” என்றார் அவர். சரி என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அந்த ‘மே’ என்னவென்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வாரம் பிடித்தது. சனிக்கிழமை பிற்பகல்களில் போபோ வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் குற்ற உணர்ச்சியால்தான் போனேன். பிறகு ருசி பிடித்துப் போய்விட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீனர் பேசுவது எல்லாம் ஒரே பாஷை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிள்ளான் சீனர்களில் பெரும்பாலோர் ஹொக்கியன் பேசுகிறவர்கள். கோலாலம்பூர்ப் பக்கம் போனால், புடுவிலும் பெட்டாலிங் ஸ்திரீட்டிலும் கேட்பது கேண்டனீஸ். போபோ புடுவில் பிறந்து கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டவர். ‘இங்கே வந்து நாற்பது வருஷம் ஆச்சு, இன்னும் மாமியார் வீட்டுப் பேச்சு எனக்குச் சரியா வரல’ என்று சிரிக்கிறார். நம்மிலும் திருநெல்வேலிப் பேச்சும் தஞ்சாவூர்ப் பேச்சும் ஒரே லயத்தில் மோதிக்கொள்ளவில்லையா? ஆனால் ‘லா’, ‘லோ’, ‘மே’ போன்ற குட்டிச் சொற்களுக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது. கேண்டனீஸ் வீட்டிலிருந்து ஹொக்கியன் கடைக்கும், அங்கிருந்து மலாய்க்காரர் பேச்சுக்கும், அங்கிருந்து நம் பிள்ளைகள் வாய்க்கும் தாவிக்கொண்டே இருக்கும்.

கேண்டனீஸில் ஒரு சொல்லை எந்த உயரத்தில் சொல்கிறோம் என்பதே அதன் பொருள். இப்போது ஆறு தொனி என்று கணக்கிடுகிறார்கள். பழைய கணக்கில் ஒன்பது. ‘மாய்’ என்று கீழிருந்து சற்றே குரல் ஏறினால் வாங்குவது. ஏறாமல் தாழ்வாகவே நின்றால் விற்பது! ‘ஸி’ என்ற ஒரே ஒலி ஓர் உயரத்தில் கவிதை, இன்னொன்றில் வரலாறு, வேறொன்றில் நேரம், மற்றொன்றில் சந்தை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு லகர ளகர ழகரம் கற்பிக்கவே நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இதைக் கற்பிக்கிற ஆசிரியருக்குக் கோயில் கட்ட வேண்டும்.

நான் முதல் நாள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ‘ஹை’ என்றால் ஆமாம். குரலைத் தாழ்த்திச் சமமாகச் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடத்து உற்சாகத்தோடு உயர்த்திச் சொல்லிவிட்டேன். போபோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. பையன் வெளியே ஓடிப் போனான். உயர்த்திச் சொன்னால் அது குடும்பப் பத்திரிகையில் எழுதத் தகாத ஒரு வசைச்சொல். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நமக்குக் குரலின் ஏற்ற இறக்கம் சும்மா கிடக்கிறது. ‘வாங்க’ என்ற ஒரு சொல்லை வாய் நிறைய இழுத்துச் சொன்னால் விருந்தாளிக்கு மனம் குளிரும். வெடுக்கென்று சொன்னால் ‘ஏன் வந்தாய்?’ என்று பொருள். ‘ஆமா’ என்றால் ஒப்புக்கொள்வது. ‘ஆமாமா’ என்று தலையை ஒரு பக்கம் சாய்த்தால் கேலி. ‘சரி’ ஒன்றே போதும். ஒரு மனைவி ‘சரி’ என்கிற விதத்தைக் கேட்டே அன்று இரவு வீட்டில் என்ன நடக்கும் என்று கணவர்மார்களால் சொல்லிவிட முடியும். சொல் ஒன்றுதான், மனத்தைக் காட்டுவது குரல். ஆனால் குரலின் உயரத்தையெல்லாம் சொற்பொருளுக்கே அடகு வைத்துவிட்ட பாஷைக்காரர்கள் கோபத்தையும் சந்தேகத்தையும் எங்கே வைப்பார்கள்? அவர்களுக்கும் குரல் ஏறும், இறங்கும். பேரலையின் முதுகில் சிற்றலை ஏறிப் போவது போல, பேச்சின் ஏற்ற இறக்கத்தின் மேல் சொல்லின் தொனி ஏறிப் போகிறது என்று சீன மொழியறிஞர் சாவ் யுவன் ரென் (1892–1982) உவமை சொல்லியிருக்கிறார். 1947இல் கேண்டனீஸுக்குப் பாடநூல் எழுதியவர் அவர். இருந்தாலும் பாரத்தில் பெரும் பங்கைச் சுமப்பவை பேச்சின் வாலில் தொங்கும் குட்டிச் சொற்கள். அப்படிப்பட்டவை கேண்டனீஸில் ஏறத்தாழ முப்பது இருக்கும் என்பார்கள்.

போபோ தம் சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். ‘ஹை ஆ’ என்றால் கனிவோடு ஆமாம். ‘ஹை குவா’ என்றால் ஆமாம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் என்னைச் சாட்சிக்கு இழுக்காதே. ‘ஹை வோ’ என்றால் அட, ஆமாம்ல, இப்போதுதானே கவனித்தேன்! ‘ஹை லோ’ என்றால் அதைத்தானே நானும் சொல்கிறேன். ‘ஹை மே?’ என்றால்...

வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஹை மேன்னா, ‘அப்படியா? எனக்கு நம்பிக்கை இல்லையே’ன்னு அர்த்தம், சிக்கு.”

அன்றைக்கு வாசலில் என் பொய்யை அவர் நம்பவே இல்லை. நம்பவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டார். நான்தான் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது ‘வோ’தான். சமமாகச் சொன்னால் ‘அட!’ என்ற வியப்பு. அதையே தாழ்வாகத் தொடங்கி ஏற்றினால், யாரோ சொன்னதை நாம் திருப்பிச் சொல்கிறோம் என்று பொருள். ‘கொய் ம் லை வோ’ என்றால் ‘அவன் வரமாட்டானாம்’. நம்முடைய ‘ஆம்’ இருக்கிறதே, ‘வருவானாம்’, ‘செத்துட்டானாம்’, ‘தோட்டத்தை வித்துட்டாங்களாம்’ என்று வதந்தியை ஒரு கையால் கொடுத்து, பொறுப்பை மறு கையால் கழற்றிவிடுவதற்கு, அதே வேலை! இரண்டு இனத்துக் கிழவிகளும் ஊர் வம்பு பேச ஒரே கருவியைச் செய்து வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் ‘சாப் மன் ஜே’ என்பதும் அப்படித்தான். ‘பத்து வெள்ளிதான்’ என்கிற நம் ‘தான்’தான் அந்த ‘ஜே’. அந்த வாலைக் கேட்டுவிட்டால் விலை குறைவு என்று நமக்கே தோன்றிவிடுகிறது.

என் சித்தியின் கதை ஒன்று உண்டு. மேரு பக்கத்துச் சந்தையில் ஒரு சீனக் காய்கறிக்காரரிடம்தான் வாங்குவாள், விலை கூடினாலும். காரணம், ‘மத்தவங்க மாதிரி இல்ல, வாய் நிறைய மா, மான்னு கூப்பிடுறாரு, எவ்வளவு மரியாதை!’ அவர் சொல்வது ‘மூரா மா’, அதாவது ‘மலிவுதானே, அதான் வாங்கச் சொல்றேன்’. நம் ‘அம்மா’வுக்கும் அந்த ‘மா’வுக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. நான் சித்தியிடம் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

‘உச்சு’ விஷயத்துக்கு வருகிறேன். நாம் துக்கம் கேட்டால் நாக்கை மேலண்ணத்தில் தட்டி உச்சுக் கொட்டுகிறோம். இரக்கத்துக்கு நம்மிடம் அதைவிட நல்ல ஒலி இல்லை. ஆனால் சீனருக்கும் சரி, ஆங்கிலேயருக்கும் சரி, அந்த ஒலி பெரும்பாலும் சலிப்பு, எரிச்சல். துக்கம் சொல்ல வந்தவரிடம் நான் சலித்துக்கொண்டேன் என்று போபோ நினைத்ததில் பிழை இல்லை. ‘ச்சே’யும் இப்படித்தான் ஏமாற்றும். நாம் ‘ச்சே, மறந்துட்டேனே’ என்று நம்மையே நொந்துகொள்ளவும் சொல்வோம். கேண்டனீஸில் ‘சே!’ என்று உயரத்தில் சொன்னால் எதிரே இருப்பவரை ‘பெரிய இவன்!’ என்று அலட்சியம் செய்வது. சாவியை வீட்டில் மறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சீனர் எதிரே ‘ச்சே!’ என்று நின்றால் அவர் என்ன நினைப்பார் என்று இப்போதுதான் பயமாக இருக்கிறது.

நல்லவேளை, ‘ஐயோ’ இருக்கிறது. பசாரில் முட்டைத் தட்டு கைநழுவினால் தமிழச்சியும் ‘ஐயோ’ என்பாள், சீனத்தியும் ‘ஐயோ’ என்பாள், இல்லாவிட்டால் ‘ஐயா’ என்பாள். பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரி ‘அலாமா’ என்பாள், நம் பிள்ளைகள் நாலையும் சேர்த்துச் சொல்லும். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ‘ஐயோ’வையும் ‘ஐயா’வையும் சேர்த்துக்கொண்டபோது இது யாருடைய சொல் என்று நம்மவர்களும் சீனர்களும் சிங்களவர்களும் வழக்காடிக்கொண்டார்கள். முட்டை உடைந்தால் யார் வாயிலும் வருவதற்கு எதற்கு வழக்கு?

இதையெல்லாம் படிக்கும் தமிழன்பர் ஒருவர், ‘நம் செந்தமிழில் இந்த வால்கள் எல்லாம் இல்லை’ என்று சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்து, ‘வா லா’, ‘போ லா’ என்று பேசும் பிள்ளைகளை அதட்டி வந்தேன். பயிற்சிக் கல்லூரியில் இடைச்சொல்லை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்த பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். தொல்காப்பியர் இடையியல் என்று ஓர் இயலே இதற்கு ஒதுக்கியிருக்கிறார். ஏகாரத்துக்கு ஐந்து பொருள், ஓகாரத்துக்கு ஆறு. நன்னூலார் காலத்தில் அவை ஆறாகவும் எட்டாகவும் வளர்ந்துவிட்டன. ‘நானோ திருடினேன்?’ என்றால் நான் திருடவில்லை என்று பொருள். ஓர் ஓகாரம் வாக்கியத்தையே தலைகீழாக்கிவிடுகிறது. இன்னும் கேளுங்கள். எதிரே நிற்பவரை நோக்கிப் பேசும்போது வந்து ஒட்டிக்கொள்ளும் அசைச்சொற்கள் என்று தொல்காப்பியர் ஆறு சொல்கிறார்: மியா, இக, மோ, மதி, இகும், சின். ‘கேள்’ என்பதைக் ‘கேண்மதி’ என்றும், ‘செல்’ என்பதைச் ‘சென்மோ’ என்றும் பழந்தமிழர் சொன்னார்கள். மலாய்க்காரர் ‘பெர்கிலா’ என்பதும் நம் பிள்ளை ‘போ லா’ என்பதும் வேறென்ன? ஏவலின் முனையை மழுக்கி, கேட்பவர் தோளில் ஒரு கையைப் போடுகிற வேலைதானே? சங்க காலத்து ஆசிரியர் யாராவது ‘மதி’ போட்டுப் பேசிய மாணவனை வெளியே நிறுத்தியிருப்பாரா?

சரி, அப்படியானால் அன்று எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? பல நாள் யோசித்தேன்.

நாம் மரியாதையைப் பேச்சின் கடைசியில் வைத்திருக்கிறவர்கள். ‘இல்லை’ என்பதற்கும் ‘இல்லீங்க’ என்பதற்கும் நடுவில்தான் நம் மானம் இருக்கிறது. ஒருவர் பேச ஆரம்பித்தால் நம் காது வாக்கியத்தின் வாலில் போய்க் காத்திருக்கும், ‘ங்க’ வருமா, ‘டா’ வருமா என்று. இந்தக் கிள்ளான் வட்டாரத்தில் அது இன்னும் அதிகம், அதற்குக் காரணமும் உண்டு. 1941இல் இங்குள்ள தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். அதோடு, துரைமார்களையும் கிராணிமார்களையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். இயக்கத்தை நடத்திய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கூலியோடு மரியாதையையும் கேட்டு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். துரை பேசிய தமிழில் ‘ங்க’ இருந்ததே இல்லை என்று என் பாட்டி சொல்வாள். ‘வா’, ‘போ’, ‘வெட்டு’, ‘தூக்கு’. அந்தக் காது எனக்கும் வந்திருக்கிறது.

அந்தப் பையனோ மனத்தைப் பேச்சின் வாலில் வைக்கிற வீட்டில் வளர்ந்தவன். நாம் ‘ங்க’ வைக்கிற இடத்தில் அவன் ‘லோ’ வைத்தான். போபோ வீட்டில் ‘மோ பான் ஃபாட் லோ’ என்று தினமும் கேட்கும். ‘வேறு வழியில்லை’ என்று பொருள். ‘லோ’வுக்கு ‘தெரிந்ததுதானே’ என்ற முகமும் உண்டு, ‘என்ன செய்ய’ என்ற முகமும் உண்டு. குரல் உயரத்தில் நிற்பது திமிரால் அல்ல. அந்தச் சொல்லுக்கு அங்கேதான் இடம். ‘அப்பா போயிட்டாரு, இனி ஒண்ணும் செய்ய முடியாது’ என்று ஒன்பது வயதுப் பிள்ளை தனக்குத் தெரிந்த ஒரே சொல்லால் என்னிடம் சொல்லியிருக்கிறான். என் காது ‘ங்க’வைத் தேடிக்கொண்டிருந்ததில் அது விழவே இல்லை.

தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது எளிது. ஆனால் நான் அவனை நிறுத்தியது நாற்பது கண்களுக்கு முன்னால். ஆகவே ஒரு திங்கட்கிழமை கரும்பலகையில் வரிசையாக எழுதினேன்: இல்ல, இல்லீங்க, இல்ல லா, இல்லியாம், இல்லவே இல்ல, இல்ல லோ. ‘ஒவ்வொண்ணையும் சொல்லிக் காட்டி, அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க’ என்றேன்.

இத்தனை வருஷத்தில் இவ்வளவு கலகலப்பான இலக்கண வகுப்பை நான் எடுத்ததில்லை. ‘இல்லியாம்’னா அடுத்த வீட்டுக்காரங்க சொன்னது என்றான் ஒருவன். ‘இல்லவே இல்ல’ன்னா பொய் என்றாள் ஒருத்தி, அவள் வீட்டு அனுபவமாக இருக்கலாம். ‘இல்ல லா’ன்னா கூட்டாளிகிட்ட மட்டும்தான் என்று எல்லாரும் கத்தினார்கள். ‘இல்ல லோ’வுக்கு வந்ததும் வகுப்பு அடங்கிவிட்டது. எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

“அன்னிக்கு இந்தச் சொல் டீச்சருக்குத் தெரியல. தெரியாம அவனை வெளியே நிக்க வெச்சேன். அது என் தப்பு. இப்ப அவனே சொல்லட்டும், அதுக்கு என்ன அர்த்தம்?”

எழுந்து நின்றான். மேசையைப் பார்த்துக்கொண்டே, “அது சும்மா சொல்றது டீச்சர். மீன் வெல ஏறினாலும் போபோ அப்படித்தான் சொல்வாங்க” என்றான்.

அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தத் தவணை முடிவில் தேர்ச்சிப் புத்தகங்கள் தலைமையாசிரியர் மேசைக்குப் போயின. ஒன்றை எடுத்து என்னிடம் காட்டினார். “பாதுகாவலர் கையெழுத்துன்னு போட்ட இடத்துல சீன எழுத்தா இருக்கே டீச்சர், இது யாரு?” என்றார்.

“அவன் பாட்டி சார்” என்றேன்.

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “பாட்டியா?” என்றார். அவர் வாயில் ‘மே’ இல்லையே தவிர, தொனி அதுதான். “அவங்க அம்மா எழுத்துல அனுமதி கொடுத்திருக்காங்க சார்” என்று கடிதத்தை எடுத்து வைத்தேன். முத்திரை குத்தினார்.

இந்த முறை நான் பிள்ளைகளிடம் ‘அப்பா கையெழுத்து’ என்று கேட்பதில்லை, ‘வீட்டுக் கையெழுத்து’ என்றுதான் கேட்கிறேன். ‘லா’வும் ‘லோ’வும் கூட்டாளிகளோடு பேசும்போது தாராளமாக வரட்டும், பெரியவர்களிடம் ‘ங்க’ போடுங்கள், நம் ஊர்க் காது அதற்காகத்தான் காத்திருக்கும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் அவன் முறை வந்தது.

“போபோ கையெழுத்துப் போட்டாங்களா?”

கொஞ்சம் யோசித்தான். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் போபோ. இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை போலும்.

“இன்னும் இல்ல லோங்க, டீச்சர்” என்றான்.